புது டயர் வாங்கப் பழைய டயரைக் கேளுங்கள்



சேலத்தில் டயர் கடை நடத்துகிறவன் நான். பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்கள் டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான்குவழிச் சாலையில் நாள் முழுக்க ஓட வேண்டும், மலை ஏறினால் வளைவில் நம்பிச் சாய்க்கவும் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காகவே ஒரு வகை இருக்கிறது. ஸ்போர்ட் டூரிங் டயர் என்பார்கள். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் இந்தப் பெயரைக் கேட்டவர்களே குறைவு. இப்போது அப்படி இல்லை. ஓசூரில் தயாராகும் அபாச்சி ஆர்ஆர் 310 வண்டி, 2020-இல் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது கம்பெனியிலேயே மிஷெலின் ரோடு 5 மாட்டித்தான் வந்தது. மதுரையின் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா, யூரோகிரிப் என்ற பெயரில் ரோடுஹவுண்ட் என்று ஒரு ஸ்போர்ட் டூரிங் டயர் போடுகிறது. ஆக, டயருக்குப் பஞ்சமில்லை. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

கடைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எது நல்ல டயருங்க?” என்றுதான். நான் பதில் சொல்லாமல் வெளியே போய், அவர் வண்டியின் பழைய டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். சிலருக்குச் சிரிப்பு வரும். “அதைத்தான் கழட்டி எறியப் போறோமே, அதுல என்னத்தப் பாக்கறீங்கண்ணா?” என்பார்கள். தேய்ந்த செருப்பைப் பார்த்தே ஆளின் நடையைச் சொல்லிவிடுகிறார் செருப்புத் தைக்கிறவர். டயரும் அந்த மாதிரிதான். நீங்கள் எந்தச் சாலையில் ஓடினீர்கள், எப்படி பிரேக் பிடித்தீர்கள், காற்றைக் கவனித்தீர்களா என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். அதைப் படிக்காமல் புது டயர் வாங்குவது, அடுத்தவர் சீட்டைக் காட்டி மருந்து வாங்குகிற வேலை.

படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர்கள் கேட்பது மூன்று: கிரிப் வேண்டும், ஓட்டும்போது ஃபீல் வேண்டும், சீக்கிரம் தேயக் கூடாது. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பவை. ரப்பர் மெத்தென்று இருந்தால் தாரின் பொடிப்பொடி மேடுபள்ளத்துக்குள் இறங்கிக் கவ்வும். அந்த அளவுக்குச் சீக்கிரம் கரையும். கெட்டியாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். மழைச் சாலையில் கையை விரிக்கும். இந்த இழுபறிக்கு டயர்காரர்கள் கண்ட வழி, ஒரே டயரில் இரண்டு ரப்பர். நிமிர்ந்து ஓடுகிற நடுப்பகுதிக்குக் கெட்டி ரப்பர், சாய்ந்தால் தரை தொடும் ஓரங்களுக்கு மெத்தை ரப்பர். 2007-இல் வந்த மிஷெலின் பைலட் ரோடு 2 இந்த முறையைப் பயணக்காரர்களிடம் பரப்பியது. இன்னொரு வழி, சிலிக்கா கலந்த ரப்பர். அது குளிரிலும் ஈரத்திலும் இறுகிப்போகாமல் பிடிக்கும். இன்றைய ஸ்போர்ட் டூரிங் டயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலந்து செய்தவைதான். கலவையின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அந்த அளவில் உங்களுக்குப் பொருந்துவது எது என்பதைத்தான் பழைய டயர் சொல்லும்.

சரி, இப்போது படிப்போம். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்கள், வண்டி வாசலில் நின்றால், பேச்சு முடிந்ததும் போய்ப் பாருங்கள். சாலையில் ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் தயவுசெய்து குனிய வேண்டாம்!

முதலில் பின் டயரைப் பின்னால் நின்று பாருங்கள். புதிதில் அது உருண்டையாக இருந்தது. இப்போது நடுவில் பலகை மாதிரி தட்டையாகி, இரண்டு பக்கமும் வரப்பு கட்டியிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் நெடுஞ்சாலை ஆள். பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரு தம்பி வாரக் கடைசியில் நாமக்கல்லுக்கு வந்து போகிறவர். கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் என்று நேர்ச்சாலை ஓட்டம். அவர் டயரின் நடுவில் பட்டன் என்கிற ரப்பர் மேடே இல்லை, ஓரத்தில் புது டயரில் நிற்கும் ரப்பர் முடி அப்படியே நிற்கிறது. அவர் கேட்டதோ, நண்பர் போட்டிருக்கிற பந்தய ரக டயர். “கிரிப் பத்தலைண்ணா, வளைவுல திருப்பினா முதல்ல வர மாட்டேங்குது, அப்புறம் பொத்துனு விழுது” என்றார். அவருக்கிருந்த தொல்லை கிரிப் அல்லவே. தட்டையான நடுவிலிருந்து அந்த வரப்பைத் தாண்டும்போதுதான் வண்டி முதலில் முரண்டு பிடித்து, தாண்டியதும் சட்டென்று சரிகிறது. மெத்தை ரப்பர் போட்டால் இன்னும் சீக்கிரம் தட்டையாகும், தொல்லை இன்னும் சீக்கிரம் வரும். நடுவில் கெட்டியான, இரட்டை ரப்பர் டயரைக் காட்டினேன். மாட்டிக்கொண்டு போனார். அடுத்த தடவை வந்தபோது டயரைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் தொழிலில் பாராட்டு என்றால் அதுதான்.

இதற்கு நேர்மாறு, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்க்கிற ஒருவருடைய டயர். நடு அப்படியே இருக்க, ஓரங்கள் இரண்டும் மொட்டை. தினமும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவருக்கு வேறெப்படித் தேயும்? அவருக்கு வேகம் கிடையாது, அதனால் டயர் பெரிதாகச் சூடேறவும் வாய்ப்பில்லை. காலையில் பனி, சாயங்காலம் தூறல், வழியெல்லாம் சருகு. சூடேறினால்தான் பிடிக்கும் என்கிற டயர் அவருக்கு ஆபத்து. ஆறிய நிலையிலேயே பிடிக்கிற, சிலிக்கா தாராளமாக உள்ள, தண்ணீர் வெட்டுகள் நெருக்கமாக உள்ள டயர்தான் அவருக்குச் சரி. சீக்கிரம் தேய்ந்தால் தேயட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் நல்ல டயர் ஒன்றே என்று எப்படிச் சொல்வேன்?

ஓரம் என்றதும் இளவட்டங்களிடம் ஒரு வார்த்தை. டயரின் கடைசி ஓரம் தேயாமல் ஒரு கோடு நிற்பதை அவமானமாக நினைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். தம்பிகளா, எதிரே பால் வண்டியும் பேருந்தும் வருகிற பொதுச்சாலையில் அந்தக் கோடு மிஞ்சி நிற்பதுதான் புத்தி. அது நீங்கள் கையில் வைத்திருக்கிற இருப்பு.

அடுத்து, இரண்டு ஓரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலருக்கு வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். வண்டியில் ஏதோ கோணல் என்று பயந்து வருவார்கள். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். அதனால் வலது வளைவில் வெளிவட்டத்தில் போகிறோம், அதில் தூரம் அதிகம். போதாததற்கு மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்துக்குச் சரித்துப் போட்டிருப்பார்கள். நேராகப் போனாலும் டயரின் நடுவுக்குச் சற்று வலப்பக்கம்தான் மேட்டில் கூடுதலாக உரசும். இதற்குப் பயப்பட வேண்டாம். வித்தியாசம் கண்ணைக் குத்துகிற அளவுக்கு இருந்தால் மட்டும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

இனி, எனக்கு ரொம்பப் பிடித்த இடம், முன் டயர். வண்டி ஆறியிருக்கட்டும், இன்ஜின் அணைந்திருக்கட்டும். உள்ளங்கையை டயர் மேல் வைத்து ஓடும் திசையில் மெல்லத் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகப் போய், மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி கையைத் தடுக்கிறதா? ஒவ்வொரு பட்டனிலும் ஒரு விளிம்பு மழுங்கி, மறு விளிம்பு கூர் ஏறியிருக்கும். கொஞ்சம் இருந்தால் அது இயல்பு. முன் பிரேக்கை உபயோகிக்கிறவர் யாருக்கும் வரும். பல் ஆழமாக இருந்தால், காற்றுக் குறைவு, தளர்ந்த ஷாக் அப்சார்பர், அல்லது இறக்கத்தில் அழுத்தி அழுத்திப் பிரேக் பிடிக்கிற பழக்கம், இந்த மூன்றில் ஏதோ ஒன்று. அதைச் சரி செய்யாமல் எத்தனை உயர்ந்த டயர் மாட்டினாலும் அதே பல் திரும்ப முளைக்கும். ஹேண்டிலில் ஒரு முனகல் கேட்கும், கை மரத்துப்போகும். ஜனங்கள் டயரைத் திட்டுவார்கள்.

இந்தக் கைப்பழக்கம் எனக்கு லாரிக்காரர்களிடமிருந்து வந்தது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிற பெரியவர்கள் வண்டியை நிறுத்தியதும் டீ குடிக்கப் போக மாட்டார்கள். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டு, கையால் தொட்டுச் சூடு பார்த்த பிறகுதான் டீ. ஒரு டயர் மற்றதைவிடச் சுட்டால் அதில் காற்றுக் குறைவு என்று கை சொல்லிவிடும். பைக் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். காற்றுக் குறைந்த டயர் ஓட ஓட மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. மனைவி, மூட்டை, பக்கவாட்டுப் பெட்டிகளோடு கன்னியாகுமரி போய் வந்த ஒருவரின் பின் டயரில், பக்கச் சுவர் ஓரமாக மெல்லிய வெடிப்புகள் வரிசையாக இருந்தன. தனியாக ஓட்டும்போது வைக்கிற காற்றையே வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பில்லியனோடு போனால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று அவர் வண்டியின் ஸ்டிக்கரிலேயே தனியாக அச்சடித்திருந்தது.

ஃபீல் என்பதைப் பற்றி நிறையப் பேச ஆசை, நேரம் இடம் தராது. சுருக்கமாகச் சொல்கிறேன். வளைவுக்குள் போகும்போது முன் சக்கரம் தரையில் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். அது டயரின் உருவத்திலிருந்தும் உள்ளே இருக்கிற நூல் கட்டிலிருந்தும் வருகிறது. கூம்பிய உருவம் சட்டென்று சாயும், அகன்ற உருவம் நிதானமாகச் சாயும். நூல் கட்டில் ரேடியல், பயாஸ் என்று இரண்டு வகை. ரேடியலில் நூல்கள் நேர்க்குறுக்காக ஓடுகின்றன. பெரும்பாலும் மேலே ஓடும் திசையிலேயே எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். அதனால் சூடு குறைவு, வேகத்தில் உருவம் மாறாது. பயாஸ் டயரில் நூல்கள் சாய்வாகப் பின்னியிருக்கும். சுவர் உறுதி, விலையும் குறைவு. உங்கள் வண்டிக்கு எந்தக் கட்டு சொல்லியிருக்கிறார்களோ அதையே போடுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலக்காதீர்கள்.

“ஒரு சைஸ் பெரிசாப் போட்டுருங்கண்ணா, பார்க்க கெத்தா இருக்கும்” என்கிறவர்களுக்கும் ஒரு பதில். அதே ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் ரிம் அதன் இடுப்பைப் பிடித்துக் கவ்வி, முதுகு கூம்பிவிடும். தரை தொடுகிற இடம் நினைத்த மாதிரி கூடாது, வண்டி ஓடுகிற விதம் மட்டும் கெடும்.

டயரின் சுவரில் இருக்கிற எழுத்துகளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 150/60 ஆர்17 66எச் என்று இருந்தால், அகலம் 150 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், ரிம் 17 அங்குலம். 66 என்பது அந்த டயர் 300 கிலோ சுமக்கும் என்பதற்கான குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். பக்கத்தில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி என்றதும் பணத்தை எடுக்கிறவர்கள், அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். கடையில் வருஷக்கணக்கில் கிடந்த ரப்பர் ஓடாமலேயே இறுகிவிடும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. புது டயர் மாட்டியதும் முதல் 100, 150 கிலோமீட்டர் வளைவில் பொறுமையாகப் போங்கள். அதன் மேல்தோல் வழுக்கும். காற்றைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. காடிக்குள் தேய்மானத்தைக் காட்டுவதற்காக இருக்கிற டி.டபிள்யூ.ஐ. மேட்டளவுக்குப் பட்டன் தேய்ந்துவிட்டால் பேரம் பேசாமல் மாற்றுங்கள். நடு தேய்ந்தால் கெட்டி நடு, ஓரம் தேய்ந்தால் ஈரத்துக்குப் பிடிக்கிற ஓரம், பல் முளைத்தால் முதலில் ஷாக்கும் காற்றும். அடுத்த முறை நீங்கள் டயர் கடைக்குப் போகும்போது “எது நல்ல டயர்?” என்று கேட்காமல், “என் டயர் இப்படித் தேய்ஞ்சிருக்கு, இதுக்கு எது சரி?” என்று கேட்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படிக் கேட்கிறவரை எந்தக் கடைக்காரரும் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது, என்னையும் சேர்த்து!