புறுபுறுப்பும் முறையீடும்



யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே புறுபுறுத்தல் என்றொரு சொல் உண்டு. எவரையும் நேரே நோக்காது, ஆயினும் அயலில் இருப்போர் செவியில் விழத்தக்கதாக, தன் குறையை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டிருப்பதற்கு அது பெயர். முணுமுணுத்தல் என்பது இதற்கு முற்றும் ஈடாகாது. மந்திரத்தையும் முணுமுணுக்கலாம், பாட்டையும் முணுமுணுக்கலாம். புறுபுறுப்போ மனக்குறை ஒன்றுக்கே உரியது. வீடுகளிலே இச்சொல் பெரும்பாலும் முதியோரைக் கடிந்துகொள்ளவே பயன்படுகின்றது. "அப்பு காலமை தொடங்கிப் புறுபுறுத்துக்கொண்டிருக்கிறார்" என்பார்கள். ஆனால் அப்புவுக்கு மாத்திரம் உரிய பழக்கமன்று இது. வேலையில் இருப்பவர் வேலையைப்பற்றிப் புறுபுறுக்கின்றார். வேலையில்லாதவர் அது கிடையாமையைப்பற்றிப் புறுபுறுக்கின்றார். வேலையை முடித்துவிட்டவர் முதுமையைப்பற்றிப் புறுபுறுக்கின்றார். பஸ் வண்டியிலும், வைத்தியசாலைக் கிளினிக் வரிசையிலும், பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையிலும் இம்மூன்று குரல்களையும் ஒருங்கே கேட்கலாம்.

ஆசிரியர் ஓய்வறையை நான் நன்கறிவேன். அங்கே எழும் குறை பிள்ளைகளைப் பற்றியதன்று என்பதை நேயர்கள் நம்பவேண்டும். கற்பிக்க வந்தோம், படிவம் நிரப்புகின்றோம் என்பதே அக்குறை. மாணவர் தொகையை ஒரு கந்தோர் கடதாசியிலே கேட்கின்றது. அதே தொகையை வேறொரு கந்தோர் மின்னஞ்சலிலே கேட்கின்றது. மறுநாள் காலை எட்டு மணிக்கு முன் வாட்சப் மூலம் அனுப்புக என்று மூன்றாவது கட்டளை வருகின்றது. மூன்று கந்தோர்களும் ஒரே கட்டிடத்தில் இருப்பதும் உண்டு!

வேலையற்ற பட்டதாரியின் குறை வேறு வகையானது. அவருக்கு வாரத்தில் முதன்மையான நாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்காக அன்று; வர்த்தமானி வெளிவரும் நாள் அது. விளம்பரம் வந்தால் விண்ணப்பம், விண்ணப்பத்தின் பின் போட்டிப் பரீட்சை, பரீட்சையின் பின் நேர்முகப் பரீட்சை, அதன்பின் மௌனம். அடுத்த விளம்பரம் வருவதற்குள் அவருக்கு ஒரு வயது ஏறிவிடுகின்றது. பல விளம்பரங்களிலே வயதெல்லை முப்பத்தைந்து என்று காணப்படும். ஆகவே முதுமை என்பது எங்கள் நாட்டிலே அறுபதில் தொடங்குவதன்று; கந்தோர் வாயிலில் நிற்கும் பட்டதாரிக்கு அது முப்பத்தாறாவது பிறந்தநாளிலேயே தொடங்கிவிடுகின்றது.

இனி முதியவர். உத்தியோகத்தை விட்டு விலகுவதை நாம் இளைப்பாறுதல் என்கின்றோம். மிக அழகிய சொல். ஆனால் இளைப்பாறியவர் ஒவ்வோராண்டும் தாம் உயிரோடு இருப்பதை எழுத்திலே உறுதிப்படுத்துதல் வேண்டும். அதற்கு உயிர்வாழ் சான்றிதழ் என்று பெயர். இம்முறை வேண்டியதே; இறந்தோர் பெயரில் ஓய்வூதியம் போகாமல் தடுப்பதற்கு வேறு வழியில்லை. எனினும் முழங்கால் நோவோடு படியேறி, "நான் இருக்கிறேன்" என்று கையொப்பமிட்டு வரும் முதியவர் வழிநெடுகப் புறுபுறுத்தால் அவரை யார் குறைகூறுவர்?

புறுபுறுப்பது இழிவு என்று நீதி சொல்லும் நோக்கம் எனக்கில்லை. தமிழிலே குறையைச் சொல்லுதல் பெருமைக்குரிய மரபு. முதுமையில் ஊன்றுகோலுடன் நின்று, ஆழமான மடுவிலே குதித்து விளையாடிய இளமையை எண்ணி இரங்கிய ஒரு புலவரின் இயற்பெயர்கூட எமக்குத் தெரியாது. அவர் தமது தண்டைப்பற்றிச் சொன்ன தொடரே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று புறநானூற்றில் நிலைத்துவிட்டது. பெருஞ்சித்திரனாரோ வறுமையைப் பாடியவர். இளவெளிமான் தகுதியறியாது சிறிது கொடுத்தபோது அதனை ஏற்காது சென்று, குமணனிடம் யானை பெற்று, அந்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டிவிட்டுப் போனார். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் தெருவிலே நின்று புறுபுறுக்கவில்லை. யாரிடம் குறை உண்டோ அவர் வாயிலிலே சென்று சொன்னார். அதனால் அது புறுபுறுப்பாகாமல் முறையீடு ஆயிற்று.

நம்முடைய குறைகள் இன்று போகும் திசை எது? இளைஞர் முதியவரைப் பார்த்து, "இவர்கள் எழுந்தால்தானே நாங்கள் இருக்கலாம்" என்கின்றனர். முதியவர் இளைஞரைப் பார்த்து, "வேலை வேண்டாமாம், கதிரைதான் வேண்டுமாம்" என்கின்றனர். ஒரே கூரையின் கீழே தந்தையும் மகனும் இப்படிப் பேசாமற் பேசிக்கொள்ளும் வீடுகள் பல.

இந்தக் கதிரைக் கணக்கைச் சிறிது ஆராய்வோம். 2022ஆம் ஆண்டு தொடங்கியபோது அரசாங்க உத்தியோகத்தரின் கட்டாய இளைப்பாறும் வயது 65 என்று உயர்த்தப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான், 2020ஆம் ஆண்டில், ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுனராகச் சேர்க்கும் திட்டம் தொடங்கியிருந்தது. பின்னர் பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 ஆகஸ்டில் வெளியான இடைக்கால வரவுசெலவுத் திட்டத்திலே அவ்வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டது. அறுபதைக் கடந்திருந்த பல்லாயிரவர் அவ்வாண்டு மார்கழி 31ஆந் தேதியோடு ஒரே நாளில் விலகினர். கதிரைக் கணக்கு உண்மையாயின், 2023 தைமாதத்திலே பல்லாயிரம் இளைஞர் அக்கதிரைகளில் அமர்ந்திருத்தல் வேண்டும். அமர்ந்தார்களா? இல்லை. செலவைக் குறைக்கும்பொருட்டு அரசாங்கம் புதிய ஆட்சேர்ப்பை இறுகக் கட்டுப்படுத்தியிருந்தது. முதியவர் எழுந்தார், கதிரை வெறுமையாகவே இருந்தது, சில இடங்களில் கதிரையே இல்லாமற் போயிற்று. இளைஞருக்கும் வேலைக்கும் இடையே முதியவர் நிற்கவில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதுமாத்திரமன்று. வேலை கிடையாதவருக்கு உதவிப்பணம் கொடுக்கும் முறை இலங்கையிலே இல்லை. அப்படியாயின் வேலையற்ற பட்டதாரிகள் எதனால் உண்டு உடுத்து விண்ணப்பத்துக்கு முத்திரையும் வாங்குகின்றனர்? பெரும்பாலும் தந்தையின் சம்பளத்தினாலோ, தாயின் ஓய்வூதியத்தினாலோ, தோட்டத்து வருமானத்தினாலோதான். கிழவரின் ஓய்வூதியமே இளைஞரின் உதவிப்பணம். ஒருவர் மற்றவரைப் பகையாகக் கருதுவதற்கு இடமெங்கே?

இக்குறை புதியதும் அன்று. 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. குடியானவர் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை ஏறினர். இருபத்தைந்து ஆண்டுகளில் ஏணி நீண்டது. ஏறி நிற்பதற்கு மேல்மாடி கட்டப்படவில்லை. 1971 சித்திரையிலே தென்னிலங்கையில் எழுந்த கிளர்ச்சியில் படித்த கிராமத்து இளைஞர் பெருந்தொகையினர் இருந்தனர். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் என்பவரின் தலைமையில் சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழுவொன்று நாட்டின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வேலைகள் குறைவு என்பதோடு, படிப்பு வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைகளுக்கும் பொருத்தமில்லை என்பதையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதை எழுதும்போது வேலை தேடித் திரிந்த இளைஞர், உயிரோடிருப்பின், இன்று உயிர்வாழ் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கின்றனர். அன்றைய வேலையற்ற இளைஞரே இன்றைய முதியவர்.

கலைப்பட்டதாரிகளைப்பற்றி ஒரு சொல். "கலைப்பாடம் படித்தால் வேலையில்லை" என்று சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. நானும் கலைப்பட்டதாரியே; ஆதலால் சிறிது சூடாகவே மறுமொழி சொல்கின்றேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத கிராமத்துப் பாடசாலைப் பிள்ளை கலைப்பிரிவைத் தெரிவுசெய்வது விருப்பத்தினாலா? இருந்தது அதுவொன்றே. இல்லாத வாசலால் ஏன் போகவில்லை என்று பிள்ளையைக் கேட்பது நியாயமன்று.

வேலையும், வேலையின்மையும், முதுமையும் ஒரே ஆளிடத்தில் வந்து கூடியதை நான் கண்டது தொண்டர் ஆசிரியர்களிடத்தேதான். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நேயர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றையோருக்காகச் சொல்கின்றேன். போர் நடந்த ஆண்டுகளிலே நியமனம் பெற்ற ஆசிரியர் போக முடியாத, அல்லது போக விரும்பாத ஊர்களில், அவ்வூரிலேயே உயர்தரம் வரை படித்த இளம்பெண்களும் இளைஞரும் வகுப்புகளை ஏற்றனர். சிலருக்குப் பெற்றோர் சேர்ந்து மாதமொரு சிறுதொகை கொடுத்தனர். பலருக்கு அதுவும் இல்லை. மரநிழலிலும் தறப்பாள் கூடாரத்திலும் பள்ளிக்கூடம் நடந்தது என்றால் இவர்களாலேயே நடந்தது. அவர்கள் வேலை செய்தார்கள், ஆனால் வேலையற்றோர். அவர்களுக்கு வயது ஏறிற்று. ஆனால் சேவைக்காலம் ஏறவில்லை.

போர் முடிந்தபின் இவர்களுக்காக நேர்முகப் பரீட்சைகள் பல கட்டங்களாக நடந்தன. ஒருசாரார் நியமனம் பெற்றனர், ஒருசாரார் பெறவில்லை. நியமனம் பெற்றவர்களிலும் நாற்பதைக் கடந்தபின் பெற்றவர்கள் உளர். அரசாங்க ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும். ஓய்வூதியத்தின் அளவும் சேவைக்காலத்தைப் பொறுத்தது. இருபதாண்டு கற்பித்தவருக்கு, ஏட்டின்படி பன்னிரண்டு அல்லது பதினைந்து ஆண்டே சேவையாக எண்ணப்படும்.

நியமனம் பெறாத ஓர் அம்மையாரை அறிவேன். வன்னியிலே ஒரு சிறு பாடசாலையில் பத்தாண்டுக்கு மேல் கற்பித்தவர். நேர்முகப் பரீட்சையிலே வரவு இடாப்பையும், பாடசாலைச் சம்பவத் திரட்டையும் கேட்டார்கள். கேட்டது தவறன்று; கற்பிக்காதவரும் கற்பித்தேன் என்று வரக்கூடும். ஆனால் 2009ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே அப்பாடசாலையின் கூரையே போய்விட்டது. இடாப்பு எங்கே மிஞ்சும்? அவரிடம் அகரம் எழுதிப் பழகிய ஒருவர் இன்று நிரந்தர நியமனம் பெற்ற ஆசிரியர். தம் ஆசிரியைக்காகச் சாட்சி சொல்ல அவர் ஆயத்தமாயிருந்தார். படிவத்திலே சாட்சிக்கு இடமில்லை. அம்மையார் இதைச் சொல்லும்போது புறுபுறுக்கவில்லை என்பதே என் மனதை வருத்தியது. "என்னட்டைப் படிச்ச பிள்ளையள் இருக்கினம்தானே, சேர்" என்று மட்டும் சொன்னார்.

தனியார் தாபனத்தில் உழைப்போருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12. நாட்கூலிக்குப் போவோர் பலருக்கு அதுவும் எட்டுவதில்லை. அது தனியே பேசவேண்டிய பொருள்.

யாரிடம் முறையிடுவது என்ற வினா இப்போது எழும். இங்கே எம்மவர் பலர் அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரசாங்கக் கந்தோர் ஒன்றினிடம் இருக்கும் தகவலை எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்து அறிவித்தல் வேண்டும். நேர்முகப் பரீட்சையில் எனக்கு எத்தனை புள்ளி? எந்தத் தகைமை போதாது என்று கருதப்பட்டது? என் ஓய்வூதியக் கோவை எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கின்றது? இவற்றை வேலியோரத்தில் நின்று ஐந்தாண்டு புறுபுறுக்கலாம். ஒரு தாளில் எழுதியும் கேட்கலாம். மறுமொழி எப்போதும் விரும்பியபடி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுமொழி சொல்லவேண்டிய ஒருவரின் பெயர் அந்தத் தாளிலே எழுதப்பட்டிருக்கும்.

ஆயின் எழுதிக் கேட்பதற்கும் ஏடு வேண்டும். ஆகையால் என்னைப் போன்ற அதிபர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கின்றேன். உங்கள் பாடசாலையிலே, பழைய அலுமாரியின் அடித்தட்டில், 1990களின் வரவு இடாப்புகள் கிடக்கலாம். கறையான் தொட்ட சம்பவத் திரட்டுகள் கிடக்கலாம். இன்ன நாள் இன்னார் தொண்டராகக் கடமையேற்றார் என்று முன்னைய அதிபர் ஒருவர் பச்சை மையினால் எழுதிய ஒருவரி அங்கே இருக்கலாம். அந்த ஒருவரியைத் தேடி எவரேனும் ஒருவர் இன்றும் ஊர்ஊராக அலைந்துகொண்டிருப்பார். அடுத்த சிரமதானத்தின்போது பழங்கடதாசி என்று அவற்றை எரிப்பதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியிலாவது படம் பிடித்து வையுங்கள். தொண்டராகக் கற்பித்த நேயர் யாரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பின், நீங்கள் கற்பித்த பாடசாலைக்கு இந்த வாரமே சென்று, அந்த அலுமாரியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள்.