மறுபடியும் கதிர்வீச்சு கொடுக்கலாமா?



நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவருக்குக் கட்டி திரும்பவும் தலைகாட்டும்போது, "இனி ஒன்றும் செய்வதற்கில்லையா, ஐயா?" என்று குடும்பத்தார் எங்களிடம் கேட்கிறார்கள். இல்லை என்று உடனே சொல்லிவிடும் காலம் போய்விட்டது.

1990களின் தொடக்கத்தில், ஸ்டாக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா மருத்துவமனையில் லாக்ஸ், புளோம்கிரென் என்ற இருவர், பல திசைகளிலிருந்து கதிர்களைக் கட்டியின்மேல் மட்டும் குவிக்கும் முறையை உடலுறுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரம், 30 தவணை என்றிருந்த சிகிச்சை, சிறு கட்டிகளுக்கு மூன்று முதல் ஐந்து தவணையில் முடிகிறது. சுற்றியுள்ள நுரையீரல் பெருமளவு தப்புவதால் இரண்டாம் முறைக்கும் இடமுண்டு. தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தால் பலருக்குக் கட்டி அடங்குகிறது.

ஆனால் முதல் கதிர்வீச்சை உடல் மறப்பதில்லை. கட்டி ஓரத்தில் இருந்தால் நுரையீரல் அழற்சியோ, விலா எலும்பு முறிவோ வரலாம். இவை பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. நடுவில் பெரிய மூச்சுக்குழலையும் இரத்தக்குழாயையும் ஒட்டியிருந்தாலோ, உயிரைப் பறிக்கும் இரத்தப்போக்கு நேரிடலாம். பழைய தழும்பும் ஸ்கேன் படத்தில் கட்டிபோலத் தோன்றும். ஆகவே பெட் ஸ்கேனும், முடிந்தால் சதைப் பரிசோதனையும் முதலில் வேண்டும். இதைப்பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. முன்பு சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை.

எனவே நோயாளியின் படுக்கையருகே நாங்கள் பொய்யான நம்பிக்கையும் கொடுப்பதில்லை, இருக்கிற நம்பிக்கையைப் பறிப்பதுமில்லை. நீங்களும் ஒன்று செய்யலாம்: உங்கள் சபையில் கதிர்வீச்சு பெற்றவர் எவரேனும் இருந்தால், எந்த இடத்தில் எவ்வளவு கதிர் கொடுக்கப்பட்டது என்ற மருத்துவக் குறிப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கொடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு முதலில் தேடுவது அதைத்தான்.