இரண்டு உயிருக்கு ஒரு தட்டு



சமயமும் சன்மார்க்கமும் பேசும் மேடையில் சோறும் கறியும் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். அன்னதானத்தை மேலான தருமமாகக் கொண்ட நமக்கு, கருவிலிருக்கும் சிசுவின் பசியும் தருமத்தின்பாற்பட்ட விஷயமே.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் நம் மக்களுக்கு ஜீவனம். விடியுமுன் பால் வெட்டப் போகும் பெண்ணும், கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண்ணும் காலையில் உட்கொள்வது என்ன? சாயத் தேநீர், கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல். இரவிலோ, எல்லோருக்கும் பரிமாறிய பின் சட்டியில் மிஞ்சியதே அவள் பங்கு. வயிற்றில் ஓர் உயிர் வளரும் காலத்திலும் பல வீடுகளில் இவ்வழக்கம் மாறுவதில்லை. குறைந்த கூலியே இதற்கு மூலகாரணம். அதை மறைத்துத் தாயைக் குறை கூறுவது அநியாயம். ஆயினும் கூலி உயரும் வரை சிசு காத்திராது.

2016ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்குப் 17 பேர்; தோட்டங்களிலோ நூற்றுக்கு 32 பேர். இக்குறையின் வேர் பல வேளைகளில் கருவிலேயே இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்து தேசத்தில் பஞ்சம் வந்தபோது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் சிசுக்கள் நிறை குறைந்து பிறந்தன. அவர்கள் வளர்ந்து நடுவயதை அடைந்தபோதும் இரத்தத்தில் சீனி கூடும் குறை அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது.

"குறைவாகத் தின்றால் பிள்ளை சிறுத்திருக்கும், பிரசவம் சுலபம்" என்று சில பாட்டிமார் சொல்வதுண்டு. அன்பினால் சொல்வதே, ஆனால் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் சிசு நோய்க்கு எளிதில் இரையாகிறது. மெலிந்த தேகமுடைய பெண் கர்ப்ப காலத்தில் 12½ முதல் 18 கிலோ வரையும், நடுத்தரத் தேகமுடையவள் 11½ முதல் 16 கிலோ வரையும் நிறை கூடவேண்டும் என்பது வைத்தியர் கணக்கு. பருத்த தேகத்தினருக்கு இது குறையும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டுமா? பலாக்காயும் பலாக்கொட்டையும் ஈரப்பலாவும் நம் பிரதேசத்தில் விளைகின்றன. முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, பயறு, கடலை, நெத்தலிக் கருவாடு, இயன்றபோது ஒரு முட்டை என்பன போதிய பலம் தரும். சோற்றுடன் தேநீர் குடித்தால் ஆகாரத்திலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஆகவே ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நலம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேநீருடன் விழுங்கலாகாது.

1973இல் ஆரம்பமான திரிபோஷாத் திட்டத்தில், சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த சத்துமா கர்ப்பிணிகளுக்கு இலவசமாய் வழங்கப்படுகிறது. அது வீட்டார் அனைவருக்கும் பங்காகிவிட்டால் தாய்க்கு ஒரு கரண்டிதான் மிஞ்சும். பசித்த பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாய் தனித்து உண்பாள்? நிறை குறைந்த பிள்ளைக்கும் திரிபோஷா பெற உரிமையுண்டு. பிள்ளையையும் கிளினிக்கில் நிறுத்துக் காட்டுங்கள். தாயின் பங்கு தாயிடமே இருக்கும்.

வாலிபர்களே, கிளினிக் நாளில் பேர் போய்விடுமென்று தாய்மார் தயங்குகின்றனர். அன்று அவர்களுக்குத் துணையாகச் செல்லுங்கள். துரைமாரிடம் நேரம் கேட்டுக் கொடுங்கள். லயத்தின் பின்னே முருங்கை நடுங்கள். சங்க நிதியில் ஒரு பகுதியை முட்டைக்கும் பயறுக்கும் ஒதுக்குங்கள். வீட்டில் முதல் தட்டை அவளுக்குப் போடுங்கள்; இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, பலவகைச் சோறு ஊட்டி மகிழ்கிறோம். அந்த ஒரு நாளின் அன்பை மற்ற நாட்களுக்கும் நீட்டுவோமாக.