மொழிக்குள் ஒரு மொழி

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் கணிப்பொறியைப் பற்றிய பேச்சா என்று அவையோர் வியக்கலாம். சிலப்பதிகாரத்தில் பாட்டின் இடையே உரைநடை வந்து அமர்ந்திருப்பதை அறிந்த கவிஞர்களுக்கு இது அத்தனை புதிதன்று. நிரலுலகிலும் ஒரு மொழியின் உள்ளே இன்னொரு மொழியைக் குடியேற்றும் வழக்கம் உண்டு.

சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்படும் நிரல், இயங்குவதற்கு முன்பே முழுமையாக இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டுவிடும். விரைவு மிகுதி, ஆனால் ஒரு வரியைத் திருத்தினாலும் மீண்டும் மாற்றியாக வேண்டும். 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழி அவ்வாறன்று. எழுதியதை எழுதியவாறே படித்து இயங்குவது அது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் உருவாக்கி 1993இல் வெளியுலகுக்கு அறிவித்தனர். இதனை சி பிளஸ் பிளஸ் நிரலுக்குள் அமர்த்த உதவுவது 'ஆர்இன்சைடு' என்னும் தொகுதி. தாய் நிரல் எண்களை உள்ளே கொடுக்கும்; ஆர் கணக்கிட்டு விடையைத் திருப்பித் தரும்.

இதனால் நமக்கென்ன? 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. இத்தகைய பெருமழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று பழைய பதிவுகளைக் கொண்டு போட்ட கணக்கு, அந்த ஒரு நாளைச் சேர்த்ததுமே வேறாகிவிடும். சில வேளைகளில் எண் மட்டுமன்றிக் கணக்கிடும் முறையையே மாற்ற நேரும்.

மழைமானிகளிலிருந்து இடைவிடாது அளவுகளை வாங்கும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த முறை இயந்திர மொழிக்குள் புதைந்து கிடந்தால், மழையை அறிந்து நிரலை அறியாத பொறியாளர் அதைக் காணவும் இயலாது, மறுக்கவும் இயலாது. ஆர் மொழியில் தனியே எழுதி வைத்தால் படிக்கலாம், வாதிடலாம், அன்றே திருத்தலாம். திருவைகுண்டம் அணைக்கட்டில் கல் அசையாது. மதகுப் பலகைதான் ஏறி இறங்கும். அத்தகைய பிரிவினையே இதுவும்.

ஆயினும் விருந்தாளியால் வீட்டுக்குத் தீங்கும் உண்டு. இரண்டும் ஒரே நினைவகத்தில் வாழ்வதால் உள்ளிருக்கும் ஆர் நிலைகுலைந்து வீழ்ந்தால் தாய் நிரலும் உடன் வீழும். ஒரு நிரலுக்குள் ஓர் ஆர் மட்டுமே இயங்கும்; இரண்டு கணக்குகளை ஒரே நேரத்தில் அதனிடம் ஒப்படைக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் இக்குறைகளைப் பொறுக்கலாம். நள்ளிரவில் கரையோர ஊர்களை எழுப்ப வேண்டிய நிரலாயின், ஆரைத் தனி நிரலாக வெளியே இயக்கி விடையை மட்டும் வாங்கிக்கொள்வதே தக்கது. தாமதம் சற்றுக் கூடும். ஆனால் ஆர் நின்றாலும் எச்சரிக்கை மணி நிற்காது.