பெட்டிக்குள் வந்த இசை

விழுப்புரத்தை அடுத்த காணையில் திருவிழா நடந்தால், ஒலிபெருக்கியின் பாட்டு வயல் கடந்து அடுத்த ஊருக்கும் எட்டும். அத்தகைய ஒலிபெருக்கி ஒன்றைச் சிறிதாக்கிக் கிட்டாரின் பெட்டிக்குள்ளேயே அடக்கி, நாட்டுப்புற இளைஞர்க்கு அனுப்பிய வணிகர் இருந்தனர் என்றால் வியப்பாக இல்லையா?

அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனத்தையே குறிப்பிடுகிறேன். வீட்டுக்கு வேண்டிய எல்லாப் பொருளையும் விலைப்பட்டியல் நூலில் படத்துடன் காட்டி விற்ற பல்பொருள் அங்காடி அது. 1913-இல் அந்நாட்டு அஞ்சல் துறை பார்சல்களை ஏற்கத் தொடங்கியபின், பட்டணம் காணாத உழவரும் அதில் பொருள் வாங்குவது எளிதாயிற்று. அந்நூலில் 1962-இல் ‘சில்வர்டோன் 1448’ என்னும் மின்கிட்டார் இடம்பெற்றது. கிட்டார், பெட்டி, பெட்டிக்குள் ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் சேர்ந்து 67 டாலர் 95 சென்ட்!

இதனைச் செய்தளித்தது, நாதன் டேனியல் 1947-இல் தொடங்கிய டான்எலெக்ட்ரோ நிறுவனம். உயர்ந்த மரத்தைக் கடைந்து உடல் செய்யும் வழக்கத்தை அவர் கைவிட்டார். எளிய மரச்சட்டத்தின் முன்னும் பின்னும் மேசோனைட் பலகையைப் பொருத்தினார். மரநாரை அழுத்தி இறுக்கிய மலிவான பலகை அது. எஃகுத் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தத்தைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அதை வால்வுகள் பெருக்கும். அக்காந்தத்தையும் சுருளையும் அவர் எதில் அடைத்தார் தெரியுமா? பெண்கள் பூசும் உதட்டுச்சாயத்தின் குழாயில்! நகைப்போர் நகைக்கட்டும், எனக்கு இது கூர்மதியாகவே தோன்றுகிறது.

ஆயினும் எல்லாச் சிக்கனத்தையும் நான் போற்றேன். அக்காலத்து மிக மலிவான ஒலிபெருக்கிகள் சிலவற்றில் மின்மாற்றியையே விட்டுவிட்டனர். வீட்டு மின்சாரத்துக்கும் கருவியின் உலோகப் பகுதிக்கும் இடையே போதிய தடுப்பில்லை. தந்தியில் விரல் வைத்த சிறுவனை மின்சாரம் தாக்கக்கூடும். பழைய கருவியை வாங்குவோர் இன்றும் முதலில் சோதிக்க வேண்டியது இதனையே.

1966-இல் எம்.சி.ஏ. நிறுவனம் டான்எலெக்ட்ரோவை வாங்கிற்று. 1969-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. சியர்ஸின் பெரிய விலைப்பட்டியல் நூலும் 1993-இல் நின்றது. ஆனால் ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் இளமையில் வாசித்த கிட்டார்களுள் ஒன்று டான்எலெக்ட்ரோ செய்தது. பின்னாளில் இசைவாணர் பலர் அவற்றைத் தேடி வாங்கினர். மலிவுக்காக அல்ல, அந்தப் பலகையும் குழாயும் சேர்ந்து தந்த தெளிந்த, கணீரென்ற ஒலிக்காக. இன்று, உதட்டுச்சாயம் ஒருநாளும் புகாத அதே வடிவக் குழாய்களைக் கிட்டாருக்கென்றே செய்து விற்கிறார்கள்.