வீட்டில் என்ன இருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கொடுக்கிற குணத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்று தலைவர் சொன்னார்கள். நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நம்ம கூட்டமைப்பில் எல்லாச் சாமியும் கும்பிடுகிறவர்கள் இருக்கிறோம். அதனால் பிரசங்கம் பண்ண வரவில்லை. எங்கள் வேதத்தில் கடன்பட்ட ஒரு அம்மாவின் கதை இருக்கிறது. அதைக் கேட்டால் நம்ம குழுவில் நடந்த மாதிரியே இருக்கும். அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கடவுளுக்குப் பயந்து நடந்தவர். செத்துப்போய்விட்டார். கடன் நின்றுபோச்சு. கடன் கொடுத்தவன் வந்து, காசு இல்லைன்னா உன் ரெண்டு பையன்களையும் அடிமையா கூட்டிட்டுப் போறேன் என்கிறான். அந்த அம்மா எலிசா என்கிற தீர்க்கதரிசியிடம் ஓடி அழுகிறார். அவர் பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கு என்று கேட்கிறார். ஒரு குடத்தில் கொஞ்சம் எண்ணெய் இருக்கு, வேற ஒன்றும் இல்லை என்கிறார் அந்த அம்மா.

அக்கம்பக்கத்தில் போய் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கிட்டு வா, கொஞ்சமா வாங்காதே, நிறைய வாங்கு என்கிறார் அவர். அந்த அம்மா வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பையன்கள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஊற்றிக்கொண்டே இருக்கிறார். எண்ணெய் குறையவே இல்லை. இன்னொரு பாத்திரம் கொடு என்று கேட்கிறார். இனிமே இல்லம்மா என்கிறான் பையன். அப்போதுதான் எண்ணெய் நின்றது. பிறகு எலிசா சொல்கிறார்: எண்ணெயை வித்துக் கடனை அடை, மிச்சத்தில் நீயும் பிள்ளைகளும் பிழைச்சுக்கோங்க.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது மூன்று விஷயம்.

ஒன்று, இல்லாததைப் பற்றி அவர் கேட்கவில்லை. இருக்கிறதைப் பற்றித்தான் கேட்டார். இரண்டு, எண்ணெய் கடவுள் கொடுத்தது. ஆனால் பாத்திரம் அக்கம்பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க கொடுத்தது. அவங்க கதவைச் சாத்தியிருந்தால் அற்புதம் அந்த ஒரு குடத்தோடு நின்றிருக்கும். மூன்று, எண்ணெய் வந்ததும் முதல் வேலை கடனை அடைச்சது. விசுவாசம் இருக்கிற வீட்டில் தவணை பாக்கி இருக்கலாம் என்று அந்தக் கதை சொல்லவில்லை.

பாத்திரம் கொடுத்த அக்கம்பக்கம் என்று சொன்னேன் இல்லையா? நம்ம பக்கத்திலேயே அதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. போளூர் வழியா வேலூர் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான். அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஐடா ஸ்கடர் அம்மா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். வாலிபப் பெண்ணாகத் திண்டிவனத்தில் அப்பா அம்மாவோடு இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆம்பளை டாக்டர் எங்க பொம்பளையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார்.

1900-ல் அவர் திரும்பி வரும்போது, ஷெல் என்கிற பெரியவர் தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902-ல் வேலூரில் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது. 1918-ல் பெண்களுக்கு டாக்டர் படிப்பு ஆரம்பித்தார். பொம்பளைப் பிள்ளைகள் வருவார்களா, தேறுவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. 1922-ல் அந்த முதல் வகுப்பில் பரீட்சை எழுதிய 14 பேரும் தேறினார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அந்தப் பள்ளிக்கும் ஆசியாவில் இன்னும் சில பெண்கள் கல்லூரிக்கும் கட்டடம் கட்டப் பணம் தேவைப்பட்டது. ராக்ஃபெல்லர் நிதியத்தார், நீங்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம் என்றார்கள். அமெரிக்காவில் இருந்த சபைப் பெண்கள் வீடு வீடாக, டாலர் டாலராகச் சேர்த்து அந்த இருபது லட்சத்தைக் கட்டினார்கள். நம்ம ஊர் பேர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கொடுத்த பாத்திரத்தில்தான் இன்றைக்கு நம்ம வீட்டுப் பிரசவத்துக்கும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறது. பெரிய பணக்காரர் கொடுத்ததும் உண்டு, சாதாரணப் பொம்பளைங்க கொடுத்ததும் உண்டு. ரெண்டும் சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரி.

டாலர் எல்லாம் நமக்கு எங்கே என்று கேட்பீர்கள். சரி, அரிசிக்கு வருகிறேன்.

வடகிழக்கில் மிசோரம் என்று ஒரு மாநிலம். ஜவ்வாது மலை மாதிரியே மலை, காடு, மூங்கில். அங்கே சபைப் பெண்கள் 1910-ல் ஒரு பழக்கம் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவது. வாரத்துக்கு ஒருமுறை பெண்களே வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து, விற்று, சபை ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். கையில் காசே புழங்காத வீடுகள் அவை. ஆனால் அடுப்பு எரிகிற வீட்டில் ஒரு பிடி இல்லாமல் போகாது அல்லவா? நூறு வருஷம் தாண்டி இன்றைக்கும் நடக்கிறது. இன்று அது வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் வருகிறது.

இது நமக்குப் புதுசு இல்லை. நம்ம ஊர்ச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. ஆடி மாசத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு தானியம் வாங்குகிறோம். திருவண்ணாமலை கிரிவலத்தில் எத்தனை பேர் அன்னதானம் போடுகிறார்கள்! வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமசாலை அடுப்பை மூட்டினார். இன்றும் அங்கே பசித்தவருக்குச் சோறு உண்டு. 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்து, 1997-ல் மகளிர் திட்டமாக விரிந்த நம்ம குழுக்களும் சின்னச் சேமிப்பில் பிறந்தவைதானே? பேங்க் கடன் பின்னால் வந்தது. பிடி முன்னால் வந்தது.

இப்போது எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் 12 பேர். பங்குனி மாசத்தில் எங்கள் அக்கா ஒருத்தரின் வீட்டுக்காரர் புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. வேலூரில் படுத்திருக்கிறார். அந்த வாரம் கூட்டத்துக்கு அக்கா வந்து உட்கார்ந்தார். தவணை கட்டக் கையில் ஒன்றும் இல்லை. "கர்த்தர் பாத்துக்குவார்"னு சொன்னார். இன்னொரு தங்கச்சி, "கர்த்தர் வந்து பேங்க்ல தவணை கட்டுவாராக்கா?"ன்னு கேட்டுவிட்டது. கிண்டலாகக் கேட்கவில்லை. அதற்கும் பயம். ஒருத்தர் நின்றால் குழு முழுக்கக் கெட்டபேர், அடுத்த கடன் வராது. யாரும் பேசவில்லை.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு பாட்டி, தினமும் நெற்றி நிறைய திருநீறு பூசுகிறவர். அவர் சொன்னார்: "சாமி எப்பத்தான் நேர்ல வந்துச்சு? நம்ம கையைத்தான் அனுப்பும்."

மூன்று மாசத் தவணையை மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டுவது என்று தீர்மானம் எழுதினோம். கடனாக அல்ல, உதவியாக. கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சிக்கு மகள் காலேஜ் பீஸ் நெருக்கடி. "என்கிட்ட காசு இல்ல. அக்கா ஆஸ்பத்திரியில இருக்கிற வரைக்கும் அவங்க மாட்டை நான் கறந்து சொசைட்டிக்கு ஊத்துறேன்"னு சொன்னது. ரெண்டு மாசம் விடியற்காலையில் அதைச் செய்தது. அந்தப் பால் காசுதான் அக்காவுக்குப் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும். உன் வீட்டில் என்ன இருக்கு என்று கேட்டால், அந்தத் தங்கச்சி வீட்டில் இருந்தது ரெண்டு கை. அதைக் கொடுத்தது.

நாலாவது மாசம் அக்கா தானே தவணை கட்டினார். நாங்கள் கட்டியதை இன்னும் திருப்பித் தரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் யார் வீட்டில் சாவு, பிரசவம் என்றாலும் இப்போது முதலில் முறத்தில் அரிசியோடு போய் நிற்பது அவர்தான்.

கேட்டதெல்லாம் கடவுள் கொடுத்தாரா என்றால், இல்லை. எங்கள் வீட்டிலும் ஜெபம் பண்ணி நடக்காமல் போன காரியங்கள் உண்டு. விசுவாசம் என்பதை நான் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறேன்: நாளைக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் வந்தால் கை மூடிக்கும். நாளைக்கும் ஒருத்தர் இருக்கிறார் என்று நம்பினால் கை திறக்கும். திறந்த கையில்தான் கொடுக்கவும் முடியும், வாங்கவும் முடியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொடுப்பதைப் பற்றிப் பேசி ஏழைகளிடம் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் கொடு, கடவுள் பத்தாயிரமாத் தருவார் என்று யார் சொன்னாலும், எந்த மதத்துக்காரர் சொன்னாலும், அது சீட்டுக் கம்பெனிப் பேச்சு. இயேசு ஆலயத்தில் உட்கார்ந்து, ஒரு ஏழை விதவை ரெண்டு சின்னக் காசு போட்டதைப் பார்த்து உயர்வாகப் பேசினார். எல்லோரும் அதைச் சொல்வார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், விதவைகளின் வீட்டை விழுங்குகிற பெரிய மனிதர்களை அவர் கண்டித்திருந்தார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழுக் கடன் வாங்கிய பணத்தில் காணிக்கையும் வேண்டாம், நேர்த்திக்கடனும் வேண்டாம். கடன் பணம் நம்ம பணம் இல்லை. அது மாட்டுக்கோ, கடைக்கோ, தையல் மெஷினுக்கோ வாங்கியது. கொடுக்க வேண்டியது நம்ம உழைப்பிலிருந்து.

கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குழுவிலும் பிடி அரிசிப் பானை வைப்போம். மலையில் இருக்கிறவர்கள் சாமையோ தினையோ போடலாம். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பிடி, 12 பேர், 30 நாள். மாசம் 18 கிலோ. ரேஷன் அரிசியானாலும் பரவாயில்லை, விற்கப் போவதில்லை, இல்லாத வீட்டில் பொங்கத்தான்.

இரண்டாவது, கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு, இந்த மாசம் யார் வீட்டில் கஷ்டம் என்று ஒரு கேள்வி கேட்போம். ஐந்து நிமிஷம் போதும். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணக்கு எல்லோருக்கும் காட்டுவோம். யாருக்குப் போனது என்று மேடையில் சொல்ல வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம். வாங்குகிறவர் நாளைக்கு நம்ம முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

வீட்டுக்குப் போய் ராத்திரி உலை வைக்கும்போது அரிசி அளந்து போடுவீர்கள். அப்போது ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனியாக வையுங்கள். சோறு குறையாது. கொஞ்சம் கஞ்சி வேண்டுமானால் குறையும்.