தாழ்ந்த காரும் தாங்கும் வில்லும்

மாலை ஐந்து மணிக்கு மேல் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒருவர் சற்று நின்று நோக்குவாராயின், சக்கரத்தின் வரலாறே தம் கண்முன் நகர்வதைக் காண்பார். நாட்டாமிகள் தள்ளிச் செல்லும் பொதிவண்டி ஒருபுறம். துறைமுகத்தை நாடும் லொறி மறுபுறம். இவற்றின் இடையே நுழைந்தோடும் முச்சக்கர வண்டிகள் பல. இக்கூட்டத்தின் நடுவே, நிலத்தோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த கார் ஒன்றும் சில வேளைகளில் வரும். நேர்பாதையில் அது விரைந்து வருகிறது. வேகத்தடை ஒன்று எதிர்ப்பட்டதும் அதன் வீரம் அடங்கிவிடுகிறது. ஒரு சக்கரத்தை முன்னே விட்டு, மறு சக்கரத்தைப் பின்னே இழுத்து, பக்கவாட்டில் திரும்பி, நோயாளி படியேறுவதுபோல் ஏறி இறங்குகிறது. பின்னால் நிற்கும் வாகனங்கள் ஒலியெழுப்புகின்றன. சாரதியின் முகம் சிவக்கிறது.

காரைத் தாழ்த்தும் ஆசையை முதியவர்கள் எள்ளி நகையாடுவது வழக்கம். அவ்வாசையில் உண்மை சிறிதும் இல்லை என்று தள்ளிவிடலாகாது. தாழ்ந்த வண்டி வளைவில் உறுதியாக நிற்கும் என்பது இயற்கை விதி. ஆயினும் எவ்வளவு தாழ்த்துவது, எந்த வில்லைத் தெரிவது, அவ்வில்லுக்கு எந்த அதிர்வுதாங்கி துணையாவது என்பனவற்றை அறியாது செய்யும் வேலை, பொருளையும் பாதுகாப்பையும் ஒருங்கே அழித்துவிடும்.

கொட்டாஞ்சேனை இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கடன்பட்டு, பழைய லான்சர் கார் ஒன்றை அவன் வாங்கியிருக்கிறான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய கார் ஒன்றின் விலை எங்கே ஏறி நின்றது என்பதை இந்நாட்டவர் அனைவரும் அறிவர். ஆகவே அவனுக்கு அது விளையாட்டுப் பொருள் அன்று; குடும்பத்தின் பெருஞ்சொத்து. வார நாள்களில் அவன் தனியே ஓட்டுகிறான். ஞாயிறன்று தாயும் தந்தையும் தங்கைகள் இருவரும் ஏறிக்கொள்கின்றனர். தாய்க்கு முதுகுவலி உண்டு. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கும் கடைகளுக்குச் சென்று, “காரைத் தாழ்த்த வேண்டும்” என்று அவன் கேட்கும்போது, கேட்க வேண்டிய வேறு கேள்விகள் பல அவனுடைய நாவில் வருவதில்லை.

முதலாவது, வில் என்ன செய்கிறது? ஸ்பிரிங் என்று வழங்கும் சுருள்வில், காரின் பாரத்தைத் தாங்கி நிற்பது. பாரம் இரட்டித்தால் அமுங்கும் அளவும் இரட்டிக்கும் என்ற விதியை இங்கிலாந்து அறிஞர் ரொபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றைய கார்களின் வில்லும் அவ்விதிக்கே அடங்கியது. வில் மென்மையாயின் கார் மெல்ல அசையும். கடினமாயின் விரைந்து துள்ளும். சாதாரணக் குடும்பக் காரின் உடல், விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறைவரை மேலும் கீழும் அசையுமாறு அமைக்கப்படுகிறது. மனிதன் நடக்கும்போது அவன் உடல் அசையும் வேகத்துக்கு இஃது அணித்தாதலால் நமக்குத் துன்பம் தோன்றுவதில்லை. விநாடிக்கு இரண்டு முறையைத் தாண்டினால் அது பந்தயக் காரின் இயல்பாகிவிடும்.

இரண்டாவது, அதிர்வுதாங்கி. ஷொக் அப்சோபர் என்று கடைகளில் கேட்டு வாங்கும் இக்கருவி, பெயருக்கு மாறாக, பாரத்தைத் தாங்குவதில்லை, அசைவை அடக்குகிறது. ஒரு குழாயினுள் எண்ணெய் நிறைந்திருக்கும். அதனுள் நகரும் உந்து, சிறு துளைகளின் வழியே எண்ணெயைப் பிழிந்து செலுத்தும். அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறும். இஃது இல்லையேல், ஒரு பள்ளத்தில் இறங்கிய கார் அடுத்த சந்திவரை ஊஞ்சலாடிக்கொண்டே செல்லும். வில் குதிரையாயின் அதிர்வுதாங்கி கடிவாளம். குதிரையை மாற்றியவன் கடிவாளத்தையும் பார்க்க வேண்டும்.

இனி, தாழ்த்துவதால் வரும் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காரின் எடை 1,300 கிலோகிராம், அதன் பாரமையம் தரையிலிருந்து 550 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது, இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைவெளி 1,500 மில்லிமீற்றர் என்று கொள்வோம். புவியீர்ப்பின் பாதியளவு விசை பக்கவாட்டில் தோன்றுமாறு ஒரு வளைவில் விரைந்து திரும்பினால், உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு ஏறத்தாழ 238 கிலோகிராம் பாரம் மாறுகிறது. காரை 30 மில்லிமீற்றர் தாழ்த்தியபின் அதே வளைவில் மாறும் பாரம் 225 கிலோகிராம். வேறுபாடு 13 கிலோகிராம் மட்டுமே! தாழ்த்திய காரில் சாரதி உணரும் உறுதியின் பெரும்பகுதி, கடினமான வில்லினாலும் அதற்கு இசைந்த அதிர்வுதாங்கியினாலும் வருகிறதேயன்றி, உயரம் குறைந்ததனால் வருவதன்று.

அளவு கடந்து தாழ்த்தினால் எதிர்விளைவும் உண்டு. லான்சர் போன்ற கார்களின் முன்சக்கர அமைப்பு மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரால் வழங்குவது. ஒரு காலத்தில் பெருவழக்காயிருந்த போர்ட் கொன்சல், செபிர் கார்கள் 1950ஆம் ஆண்டில் இவ்வமைப்புடனேயே வெளிவந்தன. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை ஏறத்தாழக் கிடையாக இருக்கும்வரை இவ்வமைப்புச் செவ்வனே இயங்கும். கார் மிகத் தாழ்ந்தால் அக்கை சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அப்பொழுது, கார் பக்கவாட்டில் சாய்வதற்கு அச்சாக நிற்கும் புள்ளி, பாரமையம் இறங்கியதைவிடக் கூடுதலாக இறங்கிவிடும். விளைவாகக் காரைச் சாய்க்கும் விசைக்கு நெம்புகோலின் நீளம் கூடுகிறது. சாயாதிருக்கத் தாழ்த்திய கார், முன்னையிலும் அதிகமாகச் சாய முற்படும்.

இவ்விடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நினைவில் கொள்ள வேண்டும். சாரதி மட்டும் அமர்ந்திருக்கையில், பின்வில் அமுங்குவதற்கு 80 மில்லிமீற்றர் இடம் இருப்பதாகக் கொள்வோம். குடும்பத்தவரும் பயணப்பெட்டியும் ஏற, பின்னச்சில் 200 கிலோகிராம் கூடுகிறது. சாதாரண வில் அதனால் 40 மில்லிமீற்றர் அமுங்குமாயின், எஞ்சுவது 40. நூற்றுக்கு முப்பது பங்கு கடினமான வில்லைப் பூட்டி 30 மில்லிமீற்றர் தாழ்த்தியிருந்தால், அதே பாரத்துக்கு அது 31 மில்லிமீற்றர்தான் அமுங்கும். ஆயினும் தாழ்த்திய 30ஐயும் கழித்தால் எஞ்சுவது 19 மட்டுமே. ஐம்பது மில்லிமீற்றர் தாழ்த்தியவனுக்கோ இடமே இல்லை. கார் ரப்பர் முட்டுக்கட்டையின் மேல் அமர்ந்துவிட்டது. இனி வரும் ஒவ்வொரு பள்ளமும் வில்லைக் கடந்து, காரின் உடலில் நேரே அறையும். பின்னிருக்கையில் இருக்கும் தாயின் முதுகிலும் அறையும். மயிலிறகாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முரியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறினார். தாங்கும் பொருளின் வலியைக் குறைத்துவிட்டு, ஏற்றும் பாரத்தைக் குறைக்காதவனுக்கும் அவ்வுண்மை பொருந்தும்.

வில்லைத் தெரிவதில் முதல் எச்சரிக்கை, இருக்கும் வில்லை வெட்டக் கூடாது என்பது. செலவு குறையும் என்று கருதிச் சிலர் ஒரு சுற்றை அறுத்துவிடுகின்றனர். வேறு சிலர் நெருப்பால் சூடேற்றி அமுக்குகின்றனர். உருக்கின் பதம் வெப்பத்தில் கெட்டுவிடும். அறுத்த முனை தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் இடம்பெயரவும் கூடும். குறித்த மாதிரிக் காருக்கென்றே உற்பத்தியாளர் செய்த தாழ்ந்த வில்லே ஏற்றது. அதிலும் இருவகை உண்டு. சுற்றுகள் ஒரே சீராக அமைந்த வில், எவ்வளவு அமுங்கினும் ஒரே கடினத்தைக் காட்டும். ஒரு பகுதியில் சுற்றுகள் நெருங்கி அமைந்த வில், முதலில் மென்மையாக நின்று, பாரம் கூடக் கூடக் கடினமாகும். ஒருவனே ஓட்டும் நாளும் ஐவர் ஏறும் நாளும் உள்ள காருக்குப் பின்னதே பெரும்பாலும் பொருந்தும்.

வில்லின் கடினம் நூற்றுக்கு முப்பது பங்கு கூடினால், அதை அடக்கும் ஆற்றலும் ஏறத்தாழ 14 பங்கு கூட வேண்டும் என்பது கணிதம். நல்ல நிலையிலுள்ள பழைய அதிர்வுதாங்கியில் இவ்வளவு மிகை இருப்பது அரிது. இலட்சம் கிலோமீற்றர் ஓடித் தேய்ந்ததில் இருக்கவே இராது. மேலும், தாழ்ந்த வில்லோடு பூட்டிய சாதாரண அதிர்வுதாங்கி எப்பொழுதும் பாதி அமுங்கிய நிலையிலேயே வேலை செய்ய நேர்கிறது. ஆகவே தாழ்ந்த வில்லுக்கென்று நீளம் குறைத்துச் செய்யப்பட்ட அதிர்வுதாங்கியை, நான்கையும் ஒருங்கே வாங்குதல் நன்று. எண்ணெயுடன் வாயுவும் அழுத்தி அடைக்கப்பட்ட வகையில், எண்ணெய் எளிதில் நுரைப்பதில்லை. 1950களில் பிரான்சு நாட்டவரான டி கார்பன் வளர்த்த முறை இது. பிற நாட்டுக் கார்களிலிருந்து கழற்றி வந்த பழைய அதிர்வுதாங்கிகள் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றின் தண்டில் எண்ணெய்க் கசிவோ கீறலோ இருப்பின் வாங்குதல் வீண்.

திருகி உயரத்தை மாற்றத்தக்க கொயில்ஓவர் என்னும் வகையும் உண்டு. விலை மிகுதி, கவனிப்பும் மிகுதி. கடற்காற்றின் உப்பு படியும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் போன்ற இடங்களில் அதன் திருகுமரைகள் துருப்பிடித்து இறுகாதிருக்க, அடிக்கடி கழுவித் துடைக்க வேண்டும்.

பொருளை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. தேய்ந்த ரப்பர்ப் புஷ்களையும் மேற்பிடிகளையும் அவ்வேளையிலேயே மாற்றிவிட வேண்டும். தாழ்த்திய காரின் சக்கரங்கள் சாய்வு மாறி நிற்குமாதலால், வீல் எலைன்மென்ட் செய்யாது ஓட்டினால் புதிய ரயரின் உள்விளிம்பு விரைவில் தேய்ந்துபோகும். முன்விளக்கின் ஒளிமட்டத்தையும் திருத்த வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இம்மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவதும், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும் அறிவுடைமையாகும். விபத்து நேர்ந்தபின் கொடுக்கும் விளக்கம் பயன்படாது.

அந்த இளைஞனுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, பேலியகொடையில் தொடங்கும் கட்டுநாயக்க அதிவேகப் பாதை. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அச்சமதளத்தில், சட்டம் அனுமதிக்கும் உச்சமான 100 கிலோமீற்றர் வேகத்துக்குத் தாழ்ந்த வில் இன்பம் தரும். மற்றையது, ஆமர் வீதிச் சந்தியில் மழைநீர் தேங்கும் நாளிலும் அவன் கடந்து வீடு திரும்ப வேண்டிய வழி. முதலாவது பாதையில் அவன் செல்வது எப்போதோ ஒரு நாள், இரண்டாவதில் நாள்தோறும். வில்லைத் தெரியும்போது நாள்தோறும் செல்லும் வழிக்கே முதலிடம் தருதல் முறை. கொட்டாஞ்சேனையில் வாழும் குடும்பக் காருக்கு 25 மில்லிமீற்றர், மிஞ்சினால் 30 என்பதே எல்லையாகும். பலருக்கு உயரத்தைத் தொடாமல், நல்ல அதிர்வுதாங்கி நான்கும் தரமான ரயர் நான்கும் இட்டாலே வேண்டிய உறுதி கிடைத்துவிடும்.

கடைக்குச் செல்லுமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அதற்குச் செலவு இல்லை. ஞாயிறன்று குடும்பத்தவர் அனைவரையும் காரில் அமரச் செய்து, பயணப்பெட்டியையும் ஏற்றிவிட்டு, பின்சக்கரத்தின் மேல்விளிம்புக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் இடையே உள்ள வெளியை அளக்க வேண்டும். பின்னர் அனைவரையும் இறக்கி, சாரதி மட்டும் அமர, மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அக்காரின் உண்மையான சுமையைச் சொல்லும். அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குச் செல்பவன், வாங்க வேண்டியதை அறிந்தே செல்கிறான்.